பொங்கல் வாழ்த்து அட்டை: கையால் எழுதி, கசங்காமல் கொண்டு சேர்க்க

ஜனவரி பிறந்ததும் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகளை வரிசையாகத் தொங்கவிட்ட காலம் ஒன்று உண்டு. ஜல்லிக்கட்டுக் காளை, கரும்பு, பொங்கி வழியும் பானை, எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல். அந்த வேலையை இப்போது வாட்ஸ்அப் படங்கள் பார்க்கின்றன. இருந்தாலும் அட்டை எழுதி அனுப்ப நினைப்பவர்களுக்கு வழி அடைபடவில்லை. தபால்பெட்டி இருக்கிறது, 5 ரூபாய் ஸ்டாம்ப் இருக்கிறது. கடையில் நல்ல அட்டைதான் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் அட்டையை நாமே வெட்டி மடிப்பதிலிருந்து தொடங்கலாம்.

தாளும் மடிப்பும்

ஸ்டேஷனரி கடையில் 'ஐவரி கார்டு' என்று கேளுங்கள். 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் போதும், ஏ4 அளவு. பள்ளிக்கூட சார்ட் பேப்பர் வேண்டாம். மெலிதாக இருப்பதால் கவருக்குள் வளையும், இங்க் பேனாவில் எழுதினால் மை பரவும். பளபளப்பான ஆர்ட் கார்டும் எழுத உதவாது. ஜெல் மை அதன்மேல் உறிஞ்சப்படாமல் நின்று, ஒரு நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் வரும்.

ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு ஏ5 துண்டுகள். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 10.5 க்கு 14.8 செ.மீ. அளவில் ஓர் அட்டை. முழு ஏ4-ஐ அப்படியே மடித்துப் பெரிய அட்டை செய்யும் ஆசை வரும். அதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது எடை. 300 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 19 கிராம். கவரோடு சேர்ந்தால் 20 கிராம் தாண்டிவிடும், தபால் கட்டணம் இரட்டிப்பாகும். பாதித் தாள் அட்டை 9 கிராமுக்குச் சற்று மேல், கவர் நாலைந்து கிராம், மொத்தம் 14 கிராமுக்குள் அடங்கும்.

இரண்டாவது சிக்கல் தாளின் இழை. எந்தத் தாளிலும் நார்கள் ஒரு திசையில் ஓடும். தாளை வெட்டாமல், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் திசையில்தான் இழை ஓடுகிறது. இழையோடு மடித்தால் மடிப்பு கோடு போட்டாற்போல் வரும். இழைக்குக் குறுக்கே மடித்தால் மேல்பூச்சு வெடித்து, மடிப்பு நெடுக நார்நாராகத் தெரியும். பெரும்பாலான ஏ4 தாள்களில் இழை நீளவாக்கில் ஓடும். ஆகவே முழுத் தாளை நடுவில் மடித்தால் வெடிக்கும், பாதியாக வெட்டி மடித்தால் வெடிக்காது.

வெட்டுவதற்குக் கட்டரும் இரும்பு ஸ்கேலும் வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கட்டர் சீவிவிடும், அடுத்த தடவை கோடு நேராக வராது. மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேல் வைத்து, நடுக்கோட்டை அழுத்தி இழுங்கள். இந்தப் பள்ளம் அட்டையின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தை உள்ளே வைத்து மடிப்பதே வழக்கமாக நடக்கும் தவறு. அப்படி மடித்தால் வெளிப்புறத் தாள் இழுபட்டுக் கிழியும். மடித்தபின் கரண்டிக் காம்பால் ஒரு தரம் தேய்த்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

முகப்பில் ஒரு கோலம்

படம் வரையத் தெரியாதவர்களுக்குக் கோலத்தைவிடக் கைகொடுப்பது வேறில்லை. இதற்கு மட்டும் காவி அல்லது செங்கல் நிற அட்டை வாங்குங்கள். வாசலில் செம்மண் பூசிய தரையில் மாக்கோலம் இட்ட தோற்றம் வரும். 12 மி.மீ. இடைவெளியில் 5 புள்ளி, 5 வரிசை. முதலில் பென்சிலால் தொட்டு வைத்துக்கொண்டு, பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சுற்றி வரும் சுழிகளுக்கு ஓரத்தில் 6 மி.மீ. விட்டால், மொத்தக் கோலமும் 6 செ.மீ. சதுரத்தில் அடங்கும். அட்டையின் அகலம் 10.5 செ.மீ. என்பதால் இரண்டு பக்கமும் காற்றோட்டமாக இடம் கிடைக்கும்.

வெள்ளை ஜெல் மை கெட்டியானது, காய நேரம் எடுக்கும். புள்ளிகள் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் விடுங்கள், அதன்பிறகு கம்பி இழுக்கலாம். ஒரே கோட்டின்மேல் உடனே இரண்டாம் முறை ஓட்டினால், பேனா முனை முந்தின பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். கோடு வெளுப்பாகத் தெரிந்தால், முழுதும் காய்ந்தபின் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

ஜிகினாத் தூள், கண்ணாடிக் கல், மணி இவற்றை ஒட்டாதீர்கள். பல அஞ்சலகங்களில் தபால்தலைமேல் முத்திரையைக் கையால்தான் ஓங்கிக் குத்துவார்கள். அந்த அடி உள்ளிருக்கும் கல்லை நொறுக்கும், அல்லது கல் கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஜிகினா பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்தவர் வீட்டுத் தரையில் சித்திரை வரைக்கும் மினுங்கும்.

என்ன எழுதுவது

அட்டைக்குள் அச்சடித்த வாசகத்தைப் போட்டுக் கீழே கையெழுத்து மட்டும் வைத்தால், அதற்கு வாட்ஸ்அப்பே போதும். எழுதுகிற நாலு வரி அவருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும். வேறு யாருக்காவது பெயரை மாற்றி அனுப்ப முடியுமானால், அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

முதலில் இடத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். தமிழில் ி, ீ மேலே வளையும்; ு, ூ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குக் கோடிட்ட நெருக்கமான வரியில் எழுதினால், மேல் வரிக் காலும் கீழ் வரிக் கொக்கியும் மோதிக்கொள்ளும். வரிக்கு வரி 10 மி.மீ. விடுங்கள். நான்கு ஓரமும் 12 மி.மீ. விட்டால் பன்னிரண்டு வரி கிடைக்கும். வரிக்கு மூன்று நான்கு சொல் என்று வைத்தால் நாற்பது சொல்லுக்குள் முடிக்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் உட்கார்ந்தால், கடைசி மூன்று வரி எறும்பூர்வதுபோல் நெருங்கிவிடும்.

நாற்பது சொல்லில் மூன்று விஷயம் போதும்: இருவருக்கும் பொதுவான ஒரு பழைய சங்கதி, அவரிடம் ஒரு கேள்வி, அடுத்து எப்போது பார்ப்போம் என்பது. ஊரிலிருக்கும் அத்தைக்கு எழுதுவதானால் இப்படி:

"அன்புள்ள அத்தைக்கு, நலம். நலமறிய ஆவல். போன பொங்கலுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய மஞ்சளை அரைத்து வைத்தது இன்னும் இருக்கிறது. குழம்பு கொதிக்கும்போதெல்லாம் உங்கள் கொல்லைதான் ஞாபகம். முட்டுவலி தேவலையா? இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை. மாசியில் கட்டாயம் வருகிறோம். மாமாவுக்கு என் வணக்கம்."

'இல்லமெங்கும் இன்பம் பொங்கட்டும்' என்று எழுதினால் அத்தை ஒரு தரம் படித்து அலமாரியில் வைத்துவிடுவார். மஞ்சளைப் பற்றி எழுதினால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார்.

வெற்றுத் தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டே அட்டையைத் தொடுங்கள். கனமான அட்டைக்கு அடியில் கோடிட்ட தாள் வைத்தால் தெரியாது, அதனால் எச்.பி. பென்சிலால் அழுத்தாமல் கோடு போடுங்கள். மை காய்வதற்கு முன் ரப்பர் வைத்தால் எழுத்தும் சேர்ந்து இழுபடும், குறைந்தது ஒரு மணி நேரம் பொறுங்கள். ஒரு வரி முடிந்ததும் மெய்யெழுத்துப் புள்ளிகளைச் சரிபார்த்துவிடுங்கள். வேகத்தில் முதலில் காணாமல் போவது அவைதான். மேலே பிள்ளையார் சுழி, 786, சிலுவை என்று அவரவர் வழக்கப்படி போட்டுக்கொள்ளலாம்.

கவர், விலாசம், ஸ்டாம்ப்

11.4 க்கு 16.2 செ.மீ. கவர் இந்த அட்டைக்குச் சரியாக இருக்கும். நீளத்தில் ஒரு செ.மீ.க்கு மேல் மிச்சம் இருப்பது நல்லதுதான். நம் ஊரில் பெரியவர்கள் கவரை ஒரு பக்கம் தட்டி, மறுபக்க ஓரத்தைக் கிழித்துத்தான் பிரிப்பார்கள். அட்டை இறுக்கமாக இருந்தால் அதுவும் சேர்ந்து கிழியும். கோலம் கவரின் மூடிப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். முத்திரை முன்பக்கம்தான் விழும் என்பதால் அதன் தடம் முகப்பில் பதியாது.

விலாசத்துக்கு மட்டும் சாதாரண பால்பாயின்ட். அந்த மை எண்ணெய் சேர்ந்தது, நனைந்தாலும் நிற்கும். இங்க் பேனாவின் நீல மை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஜெல் பேனாக்களில் சில தாங்கும், சில தாங்காது. துண்டுத் தாளில் எழுதி, ஐந்து நிமிஷம் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கரைகிற பேனாவில் எழுதிவிட்டீர்களென்றால், நன்கு காய்ந்தபின் வெள்ளை மெழுகுவத்தியை விலாசத்தின்மேல் தேய்த்துவிடுங்கள். தீபாவளி வாழ்த்து அனுப்புகிறவர்களுக்கு இது கட்டாயம், அது வடகிழக்குப் பருவமழைக் காலம்.

பெறுநர் விலாசம் வலப்பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே. அனுப்புநர் விலாசம் இடப்பக்கக் கீழ் மூலையில் அல்லது பின்பக்கம். பின்கோடு தனி வரியில், ஆறு எண்களும் தெளிவாக. 1972-ல் வந்த இந்த எண்ணில் முதல் மூன்று இலக்கம் கடிதத்தைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். சிவகாசிக்கு 626123. இதில் 626 தவறினால் கடிதம் வேறு வட்டாரத்துக்கே போய்த் திரும்பும். 123 தவறினால் பக்கத்து அஞ்சலகம்வரை போய் ஓரிரு நாள் தாமதமாகும். 1-ஐயும் 7-ஐயும் குழப்பாமல் எழுதுங்கள். தமிழ்நாட்டுக்குள் விலாசம் தமிழிலேயே இருக்கலாம். வெளி மாநிலம் என்றால் ஆங்கிலம், வெளிநாடு என்றால் நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பெரிய ஆங்கில எழுத்தில்.

அனுப்புநர் விலாசம் இல்லாத கடிதம் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் போனால், உங்களிடம் திரும்பவும் வழியில்லை.

உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம்வரை 5 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். ஸ்டாம்ப் போதாவிட்டால், குறைகிற தொகையைப் போல் இரண்டு மடங்கு வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். பொங்கல் வாழ்த்துக்கு மாமா காசு கொடுக்க வேண்டியிருந்தால் அழகாக இருக்காது. சந்தேகமிருந்தால் அஞ்சலகத் தராசில் வைத்துப் பாருங்கள். நினைவுத் தபால்தலைகள் வேண்டுமானால், சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் தபால்தலைப் பிரிவில் கேட்கலாம். அட்டைக்கு ஏற்ற படமாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் கவரே தனி அழகு.

ஸ்டாம்பின் பின்னால் இருக்கும் பசையை எச்சில் தொட்டு நம்ப வேண்டாம், நாலு ஓரத்திலும் கோந்து தடவுங்கள். அதிகமாகத் தடவினால் காயும்போது சுருங்கும். ஸ்டாம்ப்மேல் செல்லோடேப் ஒட்டக் கூடாது, முத்திரை மை அதில் பிடிக்காது. கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது உங்கள் வீட்டு வழக்கமென்றால், மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, கவரை ஒட்டுவதற்கு முன்பே, உள்ளே ஒன்றும் இல்லாதபோது தடவிக் காயவிடுங்கள். ஈரம் ஊறினால் அட்டைக்கும் மஞ்சள் ஏறும்.

கவருக்குள் பணம் வைக்காதீர்கள். சாதாரணத் தபாலில் பணம் அனுப்பக் கூடாது. பொங்கல்படி ஜிபேயில் போகட்டும்.

எப்போது போடுவது

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. பின்னாலிருந்து எண்ணுங்கள். தமிழ்நாட்டுக்குள் ஜனவரி 5-க்குள் பெட்டியில் விழுந்தால் நிம்மதி. மற்ற மாநிலங்களுக்கு டிசம்பர் கடைசி வாரம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை உறவுகளுக்கு டிசம்பர் முதல் வாரமே நல்லது, கட்டணத்தைக் கவுன்டரில் கேட்டு ஒட்டுங்கள். தபால்பெட்டியில் எத்தனை மணிக்குத் தபால் எடுப்பார்கள் என்று எழுதியிருக்கும். தகடு துருப்பிடித்து நேரம் தெரியாத பெட்டியில் போடுவதைவிட அஞ்சலகத்திலேயே கொடுப்பது மேல். 5 ரூபாய்க் கடிதம் எங்கே போகிறது என்று பார்க்க முடியாது. கட்டாயம் சேர வேண்டுமென்றால் ஸ்பீடு போஸ்ட்தான். பதிவுத் தபாலும் 2025-ல் அதோடு சேர்ந்துவிட்டது.

பதில் வேண்டுமென்றால் அட்டையோடு 50 பைசா தபால் கார்டு ஒன்றையும் உள்ளே வையுங்கள். கார்டு 14 க்கு 9 செ.மீ.தான், இதே கவருக்குள் அடங்கும். எடையும் மூன்று கிராமுக்குள்தான், மொத்தம் 20 கிராமைத் தாண்டாது. உங்கள் விலாசத்தைப் பின்கோடோடு நீங்களே எழுதிவிடுங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு, கார்டின் எழுதும் பக்கத்தில் 12 மி.மீ. இடைவெளியில் பென்சில் கோடும் போட்டுக் கொடுங்கள். சிறிய கிளை அஞ்சலகங்களில் கார்டு இருப்பில் இல்லாமல் போவதுண்டு, டிசம்பரிலேயே பத்துப் பதினைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.