செயற்கைச் சுருக்குக் கருவி: கதீட்டர் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு நிற்காத ஆண்களுக்குச் செயற்கைச் சுருக்குக் கருவி பெரிய நிம்மதி. சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றுக்குள் ஒரு பலூன், விதைப்பையில் ஒரு பம்ப். பம்பை அழுத்தினால் பட்டையில் உள்ள திரவம் வெளியேறி வழி திறக்கும். சில நிமிடங்களில் பட்டை தானாகவே நிரம்பி மூடிக்கொள்ளும்.

பட்டை குழாயை அரித்து உள்ளே நுழைவதுதான் இதில் அஞ்ச வேண்டிய சிக்கல். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். ஆனால், கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அரிப்பும் உண்டு. முழங்கால் அறுவைக்கோ இதயச் சிகிச்சைக்கோ சேர்ந்தவருக்கு, கருவி இருப்பதே தெரியாமல் வார்டில் வழக்கம்போல் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போட்டுவிடுகிறார்கள். மூடிய பட்டைக்குள் கதீட்டரைத் திணிப்பது மன்னிக்க முடியாத அவசரம்.

முதலில் பம்பை அழுத்திப் பட்டையைத் திறக்க வேண்டும். பம்பில் திரவம் ஓரளவு திரும்பியதும் அதன் மேற்பகுதியில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் கருவி திறந்த நிலையிலேயே நிற்கும். பம்ப் சப்பையாக இருக்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டால், பிறகு கருவியை இயக்குவது பெரும் பாடு. அதன்பின் 12 பிரெஞ்ச் (கதீட்டரின் தடிமனைக் குறிக்கும் அளவு) போன்ற மெல்லிய கதீட்டரை, கூடியவரை குறைந்த நேரம் வைக்கலாம். பல நாள் தேவையென்றால் அடிவயிற்று வழியே, ஸ்கேன் உதவியுடன் போடுவதே நல்லது.

மீண்டும் கசிவு, சிறுநீரில் ரத்தம், விதைப்பையில் வீக்கமோ சிவப்போ தெரிந்தால், வெறும் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. சிறுநீர்க் குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் கருவியால் உள்ளே பார்த்தாக வேண்டும்.

அரிப்பு உறுதியானால் பட்டையை மட்டும் எடுத்து, பம்பையும் பலூனையும் விட்டுவைப்பது இன்னொரு தவறு. சிறுநீர் பட்ட கருவி கிருமி பட்ட கருவிதான். முழுவதையும் எடுக்க வேண்டும். விறைப்புக்காக ஆணுறுப்பில் பொருத்தும் கருவியில் தொற்று வந்தால், தகுந்த நோயாளிகளுக்குக் கழுவிச் சுத்தம் செய்து அதே அமர்வில் புதியது வைப்பதுண்டு. அரிக்கப்பட்ட சிறுநீர்க் குழாய்க்கு அது பொருந்தாது. கதீட்டர் வைத்துக் குழாய் ஆறட்டும். வழக்கமாக 3 முதல் 6 மாதம் கழித்து, வேறு இடத்தில் புதுப் பட்டை வைப்பார்கள். கசிவோடு அத்தனை மாதம் கழிப்பது கொடுமைதான், ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

கருவி பொருத்தியவர் அதற்கான அட்டையை எப்போதும் பர்ஸில் வைத்திருக்கட்டும். அவர் மயக்கத்தில் இருந்தால் எடுத்துச் சொல்ல, வீட்டில் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருக்க வேண்டும்.