காபிப் பழத்தோலில் ஒரு பானம்: ஏமன் நாட்டு கிஷ்ர் போடுவது எப்படி?

காபிச் செடியில் காய்ப்பது ஒரு சின்னச் சிவப்புப் பழம். உள்ளே இருக்கும் கொட்டைக்குத்தான் உலகமே அடித்துக்கொள்கிறது. மேலே உள்ள தோலும் சதையும் பெரும்பாலும் எருக்குழிக்குப் போய்விடும். ஏமன் நாட்டு மலைக்கிராமங்களில் அப்படி விடுவதில்லை. பழத்தை மொட்டைமாடியில் முழுசாகக் காயவைத்து, உடைத்து, கொட்டையை விற்றுவிடுவார்கள். மிஞ்சும் தோலைச் சுக்கோடு கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதுதான் கிஷ்ர்.

கொட்டை காசு, ஏமனின் மோக்கா துறைமுகம் வழியாக அது வெளிநாடு போனது. தோல் மலிவாக வீட்டுக்குக் கிடைத்தது. ஆனால் விலை மட்டுமே காரணமில்லை. 1763இல் ஏமனில் பயணம் செய்த ஜெர்மன் ஆய்வாளர் கார்ஸ்டன் நீபூர், அங்குள்ளவர்கள் கொட்டைக் காபி உடம்புக்குச் சூடு என்று கருதித் தோல் பானத்தை விரும்பியதாக எழுதியிருக்கிறார். சூட்டுக்குப் பயந்தவர்கள் அதில் சுக்கை அள்ளிப் போட்டதுதான் வேடிக்கை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் காபி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போடாதீர்கள். காபி மணம் வறுப்பதால் வருவது. இந்தத் தோலைப் பொதுவாக வறுப்பதில்லை. உலர்திராட்சை, பேரீச்சை ஊறிய தண்ணீர் போல இனிப்பும் லேசான புளிப்பும் இருக்கும். நம் சுக்குக் காபி குடித்துப் பழகிய நாக்குக்குப் பிடித்துப்போக வாய்ப்பு அதிகம்.

படி 1: சரியான தோலை வாங்குவது

முக்கால்வாசி வேலை இங்கேதான் இருக்கிறது. சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். பழத்தை முழுசாகக் காயவைத்து உடைத்தது ஒன்று. இதில் கொட்டையை மூடியிருக்கும் வெளிறிய ஓட்டுத் துண்டுகளும் கலந்திருக்கும். ஏமன் வகை இதுதான், கொதிக்கவைக்க ஏற்றது. இன்னொன்று, பறித்த உடனே பல்ப்பர் இயந்திரத்தில் பிதுக்கி, தோலை மட்டும் தனியாகக் காயவைத்தது. காஸ்கரா என்ற பெயரில் சிறப்புக் காபிக் கடைகளில் விற்பது பெரும்பாலும் இதுதான். இனிப்பு கூடுதல், விலையும் கூடுதல்.

இணையத்தில் தேடும்போது கவனம். ‘காஸ்கரா சக்ராடா’ என்று நாட்டுமருந்து போல ஒன்று விற்கும். அது வட அமெரிக்க மரம் ஒன்றின் பட்டை, பேதி மருந்து. காபிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைக் கொதிக்கவைத்துக் குடித்தால் மறுநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

எஸ்டேட்டில் தெரிந்தவர் இருக்கிறார், ஒரு மூட்டை தோல் சும்மா தருவார் என்றால் வாங்கிவிடாதீர்கள். எருவுக்கோ அடுப்புக்கோ போகவேண்டிய தோலை யாரும் உணவுப்பொருளாக நினைத்துக் காயவைப்பதில்லை. மண், பூச்சிமருந்து, பூஞ்சை எல்லாம் இருக்கலாம். ஈரத்தோடு குவித்து வைத்த தோலில் ஆக்ராடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு உருவாகலாம். கொதிக்கவைத்தாலும் அது முழுதாகப் போகாது. குடிக்கவென்றே காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கையில் நொறுக்கினால் முறிய வேண்டும், முகர்ந்தால் பழவாசனை வர வேண்டும். பரணில் கிடந்த பழைய சாக்கு வாசனை வந்தால் தூக்கிப் போடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம்.

ஏற்காடு, தாண்டிக்குடி பக்கம் இருப்பவர்கள், மருந்தடிக்காத செடியில் நன்றாகச் சிவந்த பழமாகப் பறித்துக் கழுவி, அன்றைக்கே கொட்டையைப் பிதுக்கிவிட்டு, தோலை வலைத்தட்டில் மெல்லிசாகப் பரப்பி நல்ல வெயிலில் காயவைக்கலாம். அடிக்கடி கிளறிவிட வேண்டும். மழை மூட்டம் இருந்தால் அன்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

படி 2: அளவு

நான்கு சிறிய டம்ளருக்கு: தண்ணீர் முக்கால் லிட்டர், தோல் ஒரு கைப்பிடி (25 கிராம் போல), சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, சர்க்கரை மூன்று தேக்கரண்டி. ஏலக்காய் இரண்டு, பட்டை ஒரு துண்டு, இவை விருப்பம்தான். பச்சை இஞ்சியைவிடச் சுக்கே எனக்குப் பிடிக்கும். இஞ்சியின் காரம் பழச்சுவையை அமுக்கிவிடுகிறது.

படி 3: கொதிக்கவைப்பது

தோலைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை சட்டென்று அலசுங்கள். ஊறவிட வேண்டாம், இனிப்பு போய்விடும். எல்லாவற்றையும் சேர்த்து உயரமான பாத்திரத்தில் அடுப்பில் வையுங்கள். நுரை பொங்கி மேலே வரும்போது இறக்கி, அடங்கியதும் மறுபடி ஏற்றுங்கள். இப்படி மூன்று பொங்கு. பிறகு தீயைக் குறைத்து ஐந்து நிமிடம். அரைமணி நேரம் தளதளவென்று கொதித்தால் துவர்ப்பு ஏறிக் கஷாயமாகிவிடும்.

படி 4: தெளியவைத்து வடிப்பது

இறக்கி மூடி, மூன்று நிமிடம் விடுங்கள். தோல் அடியில் தங்கும். மேலாக வடிகட்டிச் சின்னக் கோப்பைகளில் ஊற்றுங்கள். செம்பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் அடுத்த முறை தோலைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

கொதிக்கவைக்க வேண்டாம் என்றால்

பல்ப்பர் தோல் கிடைத்தவர்கள் தேநீர் மாதிரிப் போடலாம். கொதித்து இறக்கிய நீர் 300 மில்லிக்குத் தோல் 10 கிராம், மூடிவைத்து ஆறு நிமிடம். சுக்கு எதுவும் வேண்டாம். சென்னை வெயிலுக்கு, அதே அளவைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைத்து, காலையில் வடித்து எலுமிச்சை பிழிந்தால் போதும்.

‘பால் ஊற்றலாமா?’ என்று கட்டாயம் கேட்பீர்கள். என் கருத்தில் வேண்டாம். புளிப்புள்ள பானம், சில நேரம் பால் திரியும். திரியாவிட்டாலும் பழச்சுவை மங்கிவிடும். சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு தாராளமாகப் போடலாம்.

பழத்தோல்தானே என்று குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். காபியைவிடக் குறைவு என்றாலும் இதில் காஃபீன் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு டம்ளர் குடித்தால் தூக்கம் தள்ளிப்போகலாம். வடித்த பானம் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். காய்ந்த தோலைக் காற்றுப்புகாத டப்பாவில், ஈரக்கை படாமல் வையுங்கள்.