குல்மர்க் போகும் முன்: ஸ்னோபோர்டுக்குக் கேமரா பை வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் கல்யாணம் எடுக்கிற பசங்களுக்கு வருஷத்தில் கிடைக்கிற நீண்ட லீவுகளில் அது ஒன்று. காஷ்மீரில் சில்லை கலான் எனும் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்குவதும் டிசம்பர் 21-ல்தான். குல்மர்க்கில் பனி இறுகிக் குவிகிற காலம். கேமராவோடு போய் ஸ்னோபோர்டும் பழகலாம் என்று கிளம்புகிறவர்கள், புதுப் பையை வாங்கின கையோடு போட்டோ அனுப்பி "எப்படிண்ணா இருக்குது?" என்று கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்டால் காசு மிஞ்சும்.

தண்ணீர் புகாத துணி, மழை உறை பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

கல்யாணப் பையையே தூக்கிக்கொண்டு போவது

பணமும் உடம்பும் சேர்ந்து போகிற தவறு இது. இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

காட்பாடித் தம்பி ஒருவர், கல்யாணத்துக்கு எடுத்துப்போகிற பெரிய பையோடு வந்தார். உள்ளே இரண்டு கேமரா பாடி, ஒரு 24-70 லென்ஸ், வாடகைக்கு எடுத்த 70-200 லென்ஸ். அந்தக் கடைசி லென்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். சட்டென்று எடுக்க வசதி என்று அதைப் பாடியில் மாட்டியபடியே வைத்திருந்தார். "பேடிங் செம திக்கா இருக்குதுண்ணா, ஒன்னும் ஆகாது" என்றார். இடுப்புப் பட்டை இருந்த இடத்தில் மெல்லிய நாடாதான் இருந்தது. அதையும் அவர் மாட்டவில்லை.

ஸ்கீ எனும் பனிச்சறுக்கில் இரண்டு காலுக்கும் தனித்தனிக் கட்டை. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டிக் கிடக்கும். தடுமாறினால் ஒரு காலைத் தள்ளி வைத்துச் சமாளிக்க முடியாது. முன்னால் விழுந்தால் முழங்கால், பின்னால் விழுந்தால் முதுகு. பலகையின் குதிகால் பக்க விளிம்பு பனியில் சிக்கினால் மல்லாக்கத் தூக்கி அடிக்கும். பழகுகிறவர்களுக்கு முதல் நாளே இது நடக்கும். அந்தத் தம்பிக்கும் நடந்தது. தரையில் பட்டதும் பை முதுகைவிட்டு மேலே ஏறி ஹெல்மெட்டின் பின்பக்கம் மோதியது. கழுத்து முன்னால் மடங்கியது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. லென்ஸைப் பாடியில் பூட்டும் வளையமான மவுன்ட் கோணிவிட்டது. தை பிறந்து முகூர்த்தம் ஆரம்பித்தபோது லென்ஸ் ரிப்பேரில் கிடந்தது. வாடகையும் ஓடிக்கொண்டே இருந்தது.

பேடிங் கேமராவுக்குத்தான் மெத்தை. உங்கள் முதுகுக்கும் கழுத்துக்கும் காவல், பை நகராமல் இருப்பதுதான். அதனால் எத்தனை லென்ஸ் கொள்ளும் என்று பார்த்து வாங்காதீர்கள். விழுந்தால் எங்கே போகும் என்று பார்த்து வாங்குங்கள். அகலமான இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். நெஞ்சுப் பட்டை வேண்டும். பக்கவாட்டில் இறுக்கும் வார்கள் வேண்டும், பாதி காலியான பை தொளதொளவென்று ஆடக்கூடாது. ஒரு பாடி, இரண்டு லென்ஸ், கூட ஒரு ஜாக்கெட்டுக்கு 20 முதல் 30 லிட்டர் தாராளம்.

உயரமும் பார்க்கணும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்மட்டம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பை அந்த அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர் காலைப் பலகையில் பூட்டப் பனியிலேயே உட்காருவார். பை இடுப்புக்குக் கீழே தொங்கினால் அடிப்பாகம் பனியில் ஊன்றி, தோள் வார்களை மேலே தள்ளும். குனியவே விடாது.

அடுக்கும்போது கனமானதை முதுகை ஒட்டி நடு உயரத்தில் வையுங்கள். துணி வெளிப்பக்கம் போகட்டும். லென்ஸைக் கழற்றி வையுங்கள். முதுகெலும்புக்குக் காப்பு வேண்டுமென்றால் அதற்கென்று விற்கிற கவசத்தைத் தனியாகப் போடுங்கள். கேமரா பையை அதற்கு நம்பாதீர்கள்.

ஊரிலேயே சோதிக்க இடம் இருக்கிறது. பையை நிரப்பிக்கொண்டு பர்வதமலை ஏறுங்கள். கடப்பாரைப் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது பை உங்களைப் பின்னால் இழுத்தால், அது பனிக்கு ஆகாது.

வெளிப்பக்கம் திறக்கும் ஜிப்

லென்ஸ் எடுக்கப் பையைக் கீழே வைக்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கிற பையில், தோள் வார்களும் முதுகு மெத்தையும்தான் பனியில் படும். திரும்ப மாட்டினால் ஒட்டிய பனி உருகி முதுகெல்லாம் ஈரம். அடுத்த காற்றுக்கு உடம்பு விறைக்கும். முதுகுப் பக்கம் திறக்கிற பை வாங்குங்கள். லோப்ரோவின் விஸ்லர், எஃப்-ஸ்டாப், ஷிமோடா எல்லாம் அப்படித்தான் திறக்கும். ஜிப் நுனியில் விரல் நீளத்துக்குத் தடித்த கயிறு கட்டிவிடுங்கள். கையுறையோடு அந்தத் துளி இரும்பைப் பிடிக்க முடியாது.

தோல் பை

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனாலும் பனிக்கு வேண்டாம். ஈரம் குடிக்கும், கனக்கும், குளிரில் விறைக்கும்.

முக்காலியை நடு முதுகில் கட்டுவது

கூடாது.

லிஃப்டில் வார்களைத் தொங்கவிடுவது

நாற்காலி லிஃப்டில் ஏறும் முன் பையைக் கழற்றி மடியில் வையுங்கள். வார்களைச் சுருட்டிச் செருகுங்கள். இறங்கும்போது ஒரு வார் சிக்கினால் லிஃப்ட் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

மண்வாரி வைக்கத் தனி அறை இல்லாத பை

கோண்டோலா எனும் கேபிள் காரில் அபர்வத் மலை மேலே ஏறி, மீட்புக் காவலர்கள் பார்த்துக்கொள்ளும் எல்லையைத் தாண்டி இறங்குவதாக இருந்தால் பனிச்சரிவு அபாயம் உண்டு. வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பனியில் புதைந்தவரைத் தேடித் தோண்டி எடுக்கிற மடக்கு மண்வாரியும் துழாவும் கோலும் கேமராவுக்கு அடியில் கிடக்கக்கூடாது. ஒரே இழுப்பில் திறக்கிற தனி அறை வேண்டும். புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவி பையில் இருக்கவே கூடாது, உடம்பில் கட்டியிருக்க வேண்டும். பை பிய்த்துக்கொண்டு போனாலும் அது உங்களோடு இருக்கும்.

பேட்டரியைப் பையில் வைப்பது

குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். உள்சட்டைப் பையில் வையுங்கள்.

அறைக்குள் வந்ததும் பையைத் திறப்பது

வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்கு இது தோன்றாது. வெளியே உறைந்து கிடந்த கேமராவை ஹீட்டர் போட்ட அறையில் திறந்தால், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டில் மாதிரி வேர்க்கும். கண்ணாடிக்கு உள்ளேயும் நீர் கோக்கும். ஜிப்பைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள். உடனே படம் பார்க்க வேண்டுமென்றால், வெளியே நிற்கும்போதே மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள்.