ட்ரோம்சோ – கிர்கெனெஸ்: தூரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேயின் வடகோடியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தேடினால், ஒரு இடத்தில் சுமார் 430 கி.மீ. என்று வரும், இன்னொரு இடத்தில் 800 கி.மீ. என்று வரும். இரண்டும் சரிதான். முன்னது நேர்க்கோட்டில் அளந்தது, பின்னது சாலையில் போனால் ஆகும் தூரம். முதல் எண்ணை நம்பி "ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று வாடகைக் காருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அங்கே கடல் நிலத்துக்குள் விரல் விரலாகப் புகுந்து கிடக்கிறது. கண்ணுக்கு எதிரே தெரியும் கரைக்குப் போகவே சாலை சுற்றிக்கொண்டுதான் போகும். குளிர்காலத்தில் மலைமேல் புயல் என்றால் பாதையை அடைத்துவிடுவார்கள். வண்டிகள் வரிசையில் காத்திருக்கும். அப்புறம் பனி தள்ளும் வண்டி ஒன்று முன்னால் போக, அதன் பின்விளக்கைப் பார்த்தபடி எல்லோரும் ஊர்ந்து போக வேண்டும். அந்தக் காத்திருப்பு எந்த மேப்பின் கணக்கிலும் முன்கூட்டியே இருக்காது. காரில்தான் போவேன் என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

சுவரில் மாட்டும் உலகப்படத்தை வைத்துக் கண்ணால் மதிப்பிடுவது இதற்கு நேர்மாறான தவறு. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. பூமத்திய ரேகையில் ஒரு பாகை 111 கி.மீ., இங்கே 39 கி.மீ.கூட இல்லை. மெர்காட்டர் படம் (தீர்க்கரேகைகளை இணைகோடுகளாக வரையும் உலகப்படம்) அதை இழுத்துக் காட்டுவதால் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகத் தெரியும்.

விமானத்துக்கு வருவோம். விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்கும் என்று வைத்து, 430ஐ 800ஆல் வகுத்து "அரை மணி நேரம்" என்று கணக்குப் போடுகிறார்கள். விமானம் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமே பாதி நேரத்தைத் தின்றுவிடும். நேரடி விமானம் என்றாலே ஒரு மணி நேரம் பிடிக்கும். தவிர, இந்தப் பகுதியின் பல ஊர்களில் ஓடுபாதை சுமார் 800 மீட்டர்தான். அங்கெல்லாம் 39 இருக்கை டேஷ் 8 போன்ற சிறு விமானங்கள்தான் இறங்கும். நம் டவுன் பஸ் மாதிரி வழியில் இரண்டு மூன்று ஊர்களில் இறங்கி ஏறிப் போகும் சேவைகளும் உண்டு. ஆகவே டிக்கெட்டில் புறப்படும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை நிறுத்தம் என்றும் பாருங்கள்.

தேடுபொறி ஆஸ்லோ வழியாக ஒரு டிக்கெட்டை நீட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள். தெற்கே ஆஸ்லோவுக்குப் போய்த் திரும்ப வடக்கே வந்தால் மொத்தம் சுமார் 2,500 கி.மீ. பறக்க வேண்டியிருக்கும். அவசரமில்லாதவர்களுக்குக் கடற்கரைக் கப்பல் இருக்கிறது. மாலையில் ட்ரோம்சோவில் ஏறினால், நடுவே ஒரு முழுநாள் போய், அதற்கடுத்த நாள் காலையில் கிர்கெனெஸ்.

கடைசியாக, கடிகாரம். கிர்கெனெஸ் இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது, ஆனாலும் ஆஸ்லோ நேரம்தான். பக்கத்திலேயே பின்லாந்து, ஒரு மணி நேரம் முன்னால். ரஷ்யா குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் முன்னால். எல்லை ஓரத்தில் அயல்நாட்டுச் சிக்னல் கிடைத்துவிட்டால் உங்கள் போன் நேரத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவே தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, நார்வே நேரத்தைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள்.