1862-ன் போர்க்களத்தை வெறும் கண்ணால் முப்பரிமாணத்தில் பார்ப்பது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861–65) கறுப்பு வெள்ளைப் படங்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். கூடார வரிசை, தாடி வைத்த சிப்பாய்கள், வேலியோரம் கிடக்கும் சடலங்கள். அவற்றில் பல, தனிப் படங்களே அல்ல. இரண்டு லென்ஸ் பொருத்திய கேமராவில் ஜோடியாக எடுத்தவை. அந்த ஜோடியை அட்டையில் ஒட்டி விற்றார்கள். வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியில் வைத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் வியூ மாஸ்டர் வைத்திருந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: அதே சங்கதிதான்.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். ஒரு படம், ஒரு தடித்த அட்டை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

படத்தை எடுங்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. தேடல் பெட்டியில் ஆன்டிட்டம் (Antietam, அந்தப் போரின் ஒரு களம்), ஸ்டீரியோகிராஃப் (stereograph, இந்த ஜோடிப் படம்) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். முதல் முயற்சிக்கு டங்கர் சர்ச் படத்தைச் சொல்வேன்: சடலங்கள், பீரங்கி வண்டி, பின்னால் வெள்ளைத் தேவாலயம் என்று அடுக்கடுக்காக இருப்பதால் ஆழம் எளிதில் தெரியும். சடலங்கள் வேண்டாம் என்பவர்கள் முகாம் படங்களைத் தேடலாம். பாதிப் படம் மட்டும் இருக்கும் பதிவுகளும் உண்டு. ஜோடியாக இருப்பதையே இறக்குங்கள்.

அளவைச் சரிசெய்யுங்கள். எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். நான் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தபோது, தாள் வீணாகக் கூடாதென்று ஏ4 முழுக்கப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் முறைத்துப் பார்த்து, கிடைத்தது தலைவலி. நம் கருவிழிகளுக்கு இடையே சராசரியாக 6.3 செ.மீ.தான் இருக்கிறது. இரு படங்களின் நடுப்புள்ளிகளும் அதைவிட விலகியிருந்தால் கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். அது நம்மால் ஆகாது. பழைய அட்டைகள் சுமார் 7 அங்குல அகலம். அவற்றை ஸ்டீரியோஸ்கோப்பின் லென்ஸ்தான் வளைத்துச் சேர்த்தது. நமக்கு லென்ஸ் இல்லை. ஆகவே ஜோடி மொத்தமும் 12 செ.மீ. அகலத்துக்குள் இருக்கட்டும். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் திரை இதைவிட அகலமாக இருக்கலாம்; படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள்.

பாருங்கள். இரு படங்களுக்கும் நடுவே அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, மறு ஓரத்தை மூக்கு நுனியில் வையுங்கள். இடது கண்ணுக்கு இடது படம், வலது கண்ணுக்கு வலது படம். இப்போது படத்தைப் பார்க்காதீர்கள்; அதை ஊடுருவி எதிர்ச்சுவரைப் பார்ப்பதுபோல் கண்ணைத் தளர விடுங்கள். இரண்டும் மெல்ல நகர்ந்து ஒன்றாகும். முதலில் மங்கலாகத்தான் இருக்கும், பதறாமல் காத்திருங்கள். எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. என் மகள் இரண்டே நிமிடத்தில் "அய்யோ, சர்ச் உள்ளே போகுதுப்பா" என்றாள். கண் வலித்தால் நிறுத்திவிட்டு நாளை பாருங்கள்.

தேவாலயம் முன்னால் துருத்தி, வண்டி பள்ளத்துக்குள் போனால் படங்கள் இடம் மாறியிருக்கின்றன. லென்ஸ் காட்சியைத் தலைகீழாக்குவதால், நெகடிவ்வை வெட்டாமல் அப்படியே அச்சிட்டால் இடது வலதாகிவிடும். அன்றைய அச்சுக்காரர்கள் வெட்டி மாற்றி ஒட்டினார்கள். நீங்கள் எந்த எடிட்டிங் ஆப்பிலும் மாற்றலாம்.

பிடிபட்ட பிறகு அவசரமில்லாமல் உற்றுப் பாருங்கள். சண்டை நடக்கும் படம் ஒன்றுகூட இல்லையே என்று தோன்றும். காரணம், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான ரசாயனக் கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். படம் பதியவே சில விநாடிகள் ஆகும். ஓடுபவன் புகையாகிவிடுவான். அதனால்தான் முகாமில் சிப்பாய்கள் சாய்ந்தும் உட்கார்ந்தும் அசையாமல் இருக்கிறார்கள். அசையவே முடியாதவர்கள் மிகத் தெளிவாக விழுந்தார்கள். 1862 செப்டம்பர் 17-ல் ஆன்டிட்டம் போர். அடுத்த சில நாட்களில் புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படங்கள் அக்டோபரில் நியூயார்க்கில், இன்னொரு புகைப்படக்காரரான மாத்யூ பிராடியின் காட்சிக்கூடத்துக்கு வந்தன. எடுத்தவர் கார்ட்னர்; ஆனால் வாசலில் இருந்த பெயர் பிராடியுடையது.

இன்னொன்று. அதே போரின் இன்னொரு களமான கெட்டிஸ்பர்க்கில், 1863 ஜூலையில், கார்ட்னர் குழு ஒரு வீரனின் உடலைத் தூக்கிவந்து டெவில்ஸ் டென் பாறைகளுக்கிடையே கிடத்திப் படமெடுத்ததை ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அதே உடல் வேறொரு சரிவிலும் படமாகியிருக்கிறது. அடுத்து டெவில்ஸ் டென் (Devil's Den) என்று தேடுங்கள். இரண்டு இடத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் முகத்தை ஒப்பிடுங்கள்.