ஜி பிளாட்ட எஃப் ஷார்ப்பா மாத்தினேன், என் அனுபவம்

காட்பாடில எங்க சர்ச் கொயருக்கு வந்த மிடி ஃபைல (பாட்டோட நோட்டுங்கள நம்பரா வச்சிருக்கற கம்ப்யூட்டர் ஃபைல்) மியூஸ்ஸ்கோர்ங்கற இசைக்குறிப்பு எழுதற சாஃப்ட்வேர்ல தொறந்தா ஜி மேஜர் பாட்டுல எஃப் ஷார்ப் வரவேண்டிய எடத்துலல்லாம் ஜி பிளாட், கேட்டா சத்தம் ஒண்ணுதான் ஆனா ஆல்ட்டோ பாடுற அக்காங்களால பாத்து படிக்க முடியல. மிடில நோட்டுக்கு நம்பர் மட்டும்தாங்க, 66னா 66, அது எஃப் ஷார்ப்பா ஜி பிளாட்டாங்கற பேரு கெடையாது. மியூஸ்ஸ்கோர் ஒவ்வொரு நோட்டையும் தனி ஆப்ஜெக்ட்டா வச்சு பிட்ச் (சத்தத்தோட நம்பர்), டிபிசி (டோனல் பிட்ச் கிளாஸ்)ன்னு ரெண்டு நம்பர் எழுதுது, அந்த டிபிசிதான் பேரு: 8னா ஜி பிளாட், 20னா எஃப் ஷார்ப். எனக்கு ரொம்ப புடிச்ச டிசைன் இது.

மியூஸ்ஸ்கோர் சேவ் பண்ற எம்எஸ்சிஇசட் ஃபைல் உள்ளுக்குள்ள ஜிப்தான், அத பிரிச்சு உள்ள இருக்கற எம்எஸ்சிஎக்ஸ் ஃபைல டெக்ஸ்ட் எடிட்டர்ல தொறந்து டிபிசி 8 எல்லாத்தையும் 20 ஆக்கினேன், டேக்கோட, அதாவது நம்பர சுத்தி இருக்கற <tpc> குறியோட சேத்து தேடுங்க இல்லன்னா 18ல இருக்கற 8ம் மாறிடும். அந்த நோட்டுங்களோட பிளாட் குறிக்கு தனி டேக் இருக்கும், அதையும் எடுத்துட்டு திரும்ப ஜிப் பண்ணேன், சரியாயிடுச்சு. ஒண்ணு ரெண்டு நோட்டுன்னா மியூஸ்ஸ்கோர்லயே செலக்ட் பண்ணி ஜே கீய அமுக்கினாலே போதும்.