ஐந்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர்: ஃபெண்டர் சாம்ப் நகலை வீட்டில் கட்டும் முறை

பிடித்த கிட்டார் கலைஞரின் ஒலியைத் தேடுவோர் பெரும்பாலும் பெரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபையரிலேயே கண் வைக்கிறார்கள். அந்த மார்ஷலின் முதல் மாடலான ஜேடிஎம்45-ம் 1960-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துக் கட்டப்பட்டதே என்பதால், நகலெடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எனினும் புதியவருக்கு என் பரிந்துரை ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்தான். கிட்டாரின் சிறு சிக்னலைப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்கும் 6வி6, ஏசியை டிசியாக்கும் 5ஒய்3 என மூன்றே வால்வுகள் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள்), ஒரே ஒரு வால்யூம் குமிழ். டோன் கன்ட்ரோல் கிடையாது. எரிக் கிளாப்டன் 1970-இல் மயாமி ஒலிப்பதிவுகளில் வாசித்தது சிறிய சாம்பில்தான்.

முதலில் பாதுகாப்பு. இதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியே அதை வடித்து, மல்டிமீட்டரில் சில வோல்ட்டாக இறங்கியதை உறுதி செய்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். மெயின்ஸ் எர்த் சேசிஸில் (உலோகச் சட்டத்தில்) தனி போல்ட்டில் இறுக்கப்பட வேண்டும்.

அடுத்தது பொருள்கள். அமெரிக்க கிட்களில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் வரக்கூடும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பிரைமரியும், செகண்டரியில் 325-0-325 வோல்ட் (நடு முனை கொண்டது), 5 வோல்ட் 2 ஆம்பியர், 6.3 வோல்ட் 1 ஆம்பியர் வைண்டிங்குகளும் வேண்டும். 5ஒய்3 சில நொடிகளிலேயே சூடாகிவிடும், 6வி6 அதற்குப் பிறகே கரண்ட் இழுக்கத் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் வோல்ட்டேஜ் 450-ஐத் தாண்டும் என்பதால் 500 வோல்ட் ஃபில்டர் கெப்பாசிட்டர்களே சரி. ரெசிஸ்டர், சாக்கெட் போன்றவற்றுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போதும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய வால்வு ரேடியோ அகப்பட்டால் சாக்கெட்டைக் கழற்றிக்கொள்ளலாம். அதிலுள்ள காகிதக் கெப்பாசிட்டர்களைத் தொடவே வேண்டாம். புதுச்சேரியின் உப்புக் காற்றில் செம்புக் கம்பியில் விரைவில் களிம்பு ஏறும். உறை உரித்த கையோடு முனைக்கு ஈயம் பூசிவிடுவது நல்லது.

வயரிங்கில், வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பிகளை முதலில் இழுக்கவும். இரண்டையும் இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுசென்றால் ஹம் (மின்சார இரைச்சல்) பெருமளவு குறையும். பிறகு பவர் சப்ளை, அதன் பின் பிரீஆம்ப் (12ஏஎக்ஸ்7 பகுதி).

முதன்முறை சுவிட்ச் போடும்போது, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டில் (மெயின்ஸ் பாதையில் பல்பு தொடராக வரும் பலகை) 60 வாட் குண்டு பல்பைப் போட்டு, வால்வுகள் இல்லாமலே இணைக்கவும். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் உள்ளது. மங்கலாக அடங்கினால், ஸ்பீக்கரை இணைத்து வால்வுகளைப் பொருத்தலாம். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடலாம். ஆம்ப் வீறிட்டு ஊளையிட்டால் பயப்பட வேண்டாம்: ஃபீட்பேக் (அவுட்புட்டிலிருந்து முன்பகுதிக்குத் திரும்பும் சிக்னல்) தலைகீழாக வருகிறது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றினால் அடங்கும்.

பல்பை எடுத்துவிட்டு நேரடி மெயின்ஸில் 6வி6-இன் கேத்தோடில் (எலக்ட்ரான்கள் புறப்படும் முனை) வோல்ட்டேஜை அளக்கவும். 470 ஓம் ரெசிஸ்டரில் 19 வோல்ட் என்றால் சுமார் 40 மில்லிஆம்பியர். பிளேட்டுக்கும் (எலக்ட்ரான்கள் சேரும் முனை) கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் இருந்தால் 12 வாட். அந்த வால்வு தாங்கும் வரம்பு அதுவே.

ஒலியைத் துரத்துவது இதற்குப் பிறகுதான். கெப்பாசிட்டர் பிராண்டு பற்றிய சர்ச்சைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஸ்பீக்கரை மாற்றினால் கேட்கும் வேறுபாட்டுக்கு முன் அவை ஒன்றுமில்லை. சற்றுக் கரகரப்பு கூட வேண்டுமானால் 22 கிலோஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, அதே கிட்டாரில், அதே வால்யூமில் கேட்டால்தான் எது எதைச் செய்தது என்று புரியும்.